அடுப்புக்குப் போகும் நிறங்கள்

மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இனிக் கைகளின் முறை. நேசபாய் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் ஊற்றி விரல் விரலாகத் தேய்க்கிறாள், இடுக்கு விடாமல், நகக்கண் விடாமல். அப்புறம் அடுப்புச் சாம்பல். அப்புறம் சோப்பு. திரும்பவும் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தக் கைகழுவல் நடக்கும்போது அவளிடம் பேச்சுக் கொடுத்துப் பயனில்லை, காது அங்கே இருக்காது. கடைசியில் இரண்டு கைகளையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்ப்பாள். பழைய துண்டில் ஒற்றி எடுத்துவிட்டு உள்ளறைக்குள் போவாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்.

இத்தனை தேய்த்தும் விரல்கள் கறுப்புதான். அது அழுக்கில்லை, தொழில். பாவாடை தாவணி வயதிலேயே அண்டியாபீசுக்குப் போனவள் அவள். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை இந்தப் பக்கத்தில் யாரும் ஆலை என்று சொல்வதில்லை, அண்டியாபீஸ்தான். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு. பருப்பு முழுசாக வெளியே வர வேண்டும், உடைந்தால் மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசுவான். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் இருக்கிறதே, அது தோலைப் பொத்தலாக்கிவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் விரல் நுனிகள் கருகாமல் தப்பாது. கல்யாணப் பந்தியில் இலைக்கு மேலே நீளும் கையைப் பார்த்தே இன்னார் அண்டியாபீஸ்காரி என்று சொல்லிவிடலாம். நேசபாய்க்கு அதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. யாராவது கையைப் பார்த்து உச்சுக்கொட்டினால் "ஒண்ணும் இல்ல" என்பாள்.

எல்லாவற்றுக்கும் அவளிடம் உள்ள பதில் அந்த ஒன்றுதான். பெரிய காற்றில் ரப்பர் மரங்கள் வரிசையோடு சாய்ந்து கிடந்த காலையில், கணவன் ஜான்ரோஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். விசாரிக்க வந்தவர்களிடம் அவள் சொன்னது "ஒண்ணும் இல்ல". ஒரே மகன் ஷிஜின் மஸ்கட்டுக்கு விமானம் ஏறியபோது, திருவனந்தபுரத்தில் வழியனுப்ப வந்த சொந்தக்காரிகள் ஆளுக்காள் மூக்கைச் சிந்தினார்கள். பெற்றவள் மட்டும், "ஒண்ணும் இல்ல, ரெண்டு வருசம்லா" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்த முறுக்கை எல்லோருக்கும் பங்குவைத்தாள். கல்லுளிமங்கி என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. அவள் அழுது பார்த்தவர் திருச்சபையில் ஒருவர்கூடக் கிடையாது.

அப்படியானால் அந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் என்னதான் செய்கிறாள்? ஊருக்குச் சந்தேகமே இல்லை. ஜெபம்தான். "நேசபாய் அக்காட்ட ஒரு வார்த்த சொல்லி வையி. ஞாயித்துக்கிழம அறைக்குள்ள வச்சு கேப்பா" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மகனின் விசா, மகளின் பரீட்சை, மாட்டுக்குச் சினை பிடிக்காதது எல்லாம் அவளிடம் வந்து சேரும். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். விசா வந்தால் நேந்திர வாழைக்குலையோடு வந்து நிற்பார்கள். ஜான்ரோஸோ அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, வாசலுக்கு வருகிறவர்களிடம், "பைய பேசுங்க, அவ ஜெபத்துல இருக்கா" என்று விரலை உதட்டில் வைப்பான். இத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவன் அவன். அவனுக்கே தெரியாது என்றால் பாருங்கள்.

உள்ளே நேசபாய் சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு பலாப்பலகையை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளின் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருப்பாள்.

மே மாதம் வந்தால் சபையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். விபிஎஸ் என்றால்தான் யாருக்கும் புரியும். பாட்டு, ஆட்டம், கதை, பிறகு கதைக்கு ஏற்ற படம். கோடு மட்டும் போட்ட படத்தை ஆளுக்கொன்று கொடுத்து நிறம் தீட்டச் சொல்வார்கள். அதை நடத்துகிற ஆன்ஸ்லின் டீச்சரிடம் இருப்பது ஒரே ஒரு பழைய படக்கட்டு. பேழையில் நோவா, ராட்சசன் கோலியாத், சிங்கக் குகையில் தானியேல், மீன் வயிற்றில் யோனா என்று அதையேதான் வருடா வருடம் ஜெராக்ஸ் எடுப்பாள், அதுவும் தேவைக்கு மேல். பிள்ளைகளுக்குப் பயறு அவிக்கிற வேலை நேசபாயுடையது. பள்ளி முடிகிற அன்று மிச்சமான தாள்களைக் காட்டி, "டீச்சர், இது அடுப்பு பத்த வைக்க ஆவும்லா?" என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். ஹாலைப் பெருக்கும்போது பெஞ்சுக்கடியில் உருண்டு கிடக்கும் கிரேயான் துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிவாள். அவை வீட்டில் ஒரு பால்பொடி டின்னுக்குள் போகும். ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அது போதும்.

அடுப்புப் பற்றவைக்க என்று அவள் சொன்னது பொய்யும் இல்லை. அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தது மருமகள் ஜெஸ்மி.

ஜெஸ்மி வடசேரிக்காரி. அப்பா சந்தையில் காய்கறி வியாபாரம். அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒரே நேரத்தில் சண்டை போட்டு ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். அங்கிருந்து சிதறால் ரோட்டில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு மூச்சு முட்டிப்போயிற்று. "மாமி, கறிக்கு உப்பு செரியா இருக்கா?" என்றால், "ம்". "மாமி, எனக்க மேல கோவமா?" என்றால், "ஒண்ணும் இல்ல". ஷிஜின் விடுமுறை முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பியதும், "உங்கம்மைக்க மனசில என்ன ஓடுதுன்னு கர்த்தருக்குத்தான் வெளிச்சம்" என்று போனில் அவனிடம் புலம்புவாள். அவன் சிரிப்பான். "அதுக்கு பழகிக்கோட்டி. நான் பழகல்லியா?"

அப்போது ஜெஸ்மிக்கு மசக்கை. ஒரு திங்கள்கிழமை விடியற்காலையில் குமட்டிக்கொண்டு எழுந்து பின்கட்டுக்கு ஓடியவள், அடுக்களையில் மெழுகுதிரி அணைந்தாற்போல ஒரு வாசம் வருவதை உணர்ந்து எட்டிப் பார்த்தாள். மாமியார் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். விறகுக்கடியில் ஒரு தாள் சுருண்டு எரிந்துகொண்டிருந்தது. தீ ஏறாத பாதியில் கோலியாத் நின்றான். கையில் ஈட்டி, தலையில் தொப்பி எல்லாம் சரிதான். ஆனால் உடுப்பு முழுக்கக் குட்டிக் குட்டி மஞ்சள் பூக்கள்! பச்சைத் துணியில், ஒவ்வொரு பூவுக்கும் சிவப்பில் ஒரு நடுப்பொட்டு.

"மாமி! இது யாரு செஞ்சது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா எப்பிடி? கோலியாத்து பூப்போட்ட சட்ட போட்டுட்டு நிக்கான்!"

நேசபாய் விறகை உள்ளே தள்ளினாள். பிறகு, அந்த வீட்டுக்கு ஜெஸ்மி வந்த பின் முதல்முறையாக, மாமியார் வாயிலிருந்து முழுசாகப் பேச்சு வந்தது.

"மேஸ்திரி வியாழக்கிழம என்னைய எல்லாரு முன்னாடியும் வச்சு ஏசினான். கொன்னுரலாம் போல இருந்து. சாயங்காலம் பாத்தா அவனுக்க மோள ஆசுத்திரிக்கு தூக்கிட்டு ஓடுகான், கை வெறைக்கு அவனுக்கு. கோவமும் வருது, பாவமாவும் இருக்கு. ரெண்டையும் கொண்டு எங்க வைக்க? அதாக்கும்."

ஜெஸ்மிக்குக் குமட்டல் நின்றுவிட்டது. ஊரே ஜெபம் என்று நம்பி விரலை உதட்டில் வைக்கிற கதவுக்குப் பின்னால் நடப்பது இதுவா என்று வாயைப் பிளந்து நின்றாள். அடக்க மாட்டாமல் கேட்டாள்: "ஊர்ல எல்லாரும் நீங்க ஜெபம் செய்யதாட்டுலா நெனச்சிட்டிருக்காவ?"

"நான் அப்பிடி சொல்லல்லியே. அவியளா நெனச்சா நான் என்ன செய்ய?" என்றவள், குரலைத் தாழ்த்தி, "நீ யாருட்டயும் சொல்லாண்டாம் மக்களே. சிரிப்பாவ. சிரிச்சாவன்னா பின்னே எனக்கு அங்க இருந்து செய்ய வராது" என்றாள்.

ஜெஸ்மி சொல்லவில்லை. ஓட்டைவாய் என்று பிறந்த வீட்டில் பெயரெடுத்தவள், ஷிஜினிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் மாமியாரைச் சும்மா விடவும் இல்லை. இவ்வளவு அழகாகச் செய்ததை ஏன் எரிக்க வேண்டும், சுவரில் ஒட்டக்கூடாதா என்று கேட்டாள். "செஞ்சாச்சுல்லா. சாயா போடாண்டாமா?" என்று பதில் வந்தது. எப்படித் தொடங்கியது என்று கேட்டாள். ஷிஜின் சின்னவனாக இருந்தபோது விபிஎஸ் சமயத்தில் காய்ச்சலில் கிடந்திருக்கிறான், படத்தை முடிக்கவில்லை என்று அழுதிருக்கிறான். "நான் செஞ்சு குடுத்தேன். அதுவர கலரு பென்சில கையில பிடிச்சவ இல்ல நான். எங்கம்மைக்கு எங்க வாங்க முடிஞ்சு? கோடு எவனோ போட்டது, பாத்துக்கோ. அதுக்கு உள்ள நம்ம இஷ்டம். எனக்க சீவியத்துல நம்ம இஷ்டத்துக்கு விட்ட ஒரு எடம் அதாக்கும்."

அன்று முதல் திங்கள்கிழமைகளை ஜெஸ்மி எதிர்பார்க்கத் தொடங்கினாள். முதலில் அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் துக்கம், அவ்வளவுதானே? அந்தக் கணக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஷிஜின் சம்பளம் போடாத மாதத்தில் நோவாவின் பேழை முழுக்க இளஞ்சிவப்பு, தண்ணீரும்கூட. ஜான்ரோஸ் குடித்துவிட்டு ஓடையில் விழுந்து எழுந்த வாரத்தில் தானியேலின் சிங்கங்களுக்கு ஆளுக்கொரு நிறத்தில் வாய், ஒன்றுக்குப் பல்லில் வானவில். கேட்டால் சில நாள் சொல்வாள், பல நாள் சொல்ல மாட்டாள். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை ஏற்றி, நகத்தால் சுரண்டி, அடியில் கிடப்பதை மேலே கொண்டுவந்திருப்பாள். அடேயப்பா, அந்தக் கருகிய விரல்கள் செய்கிற காரியமா இது! அதைவிடப் பெரிய ஆச்சரியம், எந்தத் தாளிலும் ஒரு பொட்டுக் கறுப்பு ஒட்டியிருக்காது. எரிகிற அடுப்புக்குப் போகப்போகிற தாளுக்காகவா இந்த மனுஷி அத்தனை நேரம் கை கழுவுகிறாள்? ஜெஸ்மி சாயாவை ஊதி ஊதிக் குடிப்பாள். மாமியாரின் ஒரு வாரம் எரிந்து கொதித்த சாயா என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

ஈஸ்டர் முடிந்த பின் அந்த வீட்டில் எல்லாம் நின்றுபோயிற்று. நான்காம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா கருவியைத் திரும்பத் திரும்ப நகர்த்திப் பார்த்தாள். பிறகு, துடிப்பு இல்லை என்றாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வரும் ஆட்டோவில் ஜெஸ்மி மாமியாரின் தோளில் சாய்ந்தாள். ஒரு சொல் வேண்டியிருந்தது அவளுக்கு. "ஒண்ணும் இல்ல மக்களே, செரியாவும்" என்றாள் நேசபாய். மறுநாள் காலையில் தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு அண்டியாபீசுக்குப் போய்விட்டாள்.

ஊர்ப் பெண்கள் வந்தார்கள். "போனது போட்டு, வயசு கெடக்கு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தச் சபையில் யார் இறந்தாலும் மணிக்காரன் சத்தியராஜ் கோபுரத்தில் ஏறி மணியை ஒவ்வொன்றாக விட்டு விட்டு அடிப்பான். தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவன்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, யாருக்கு என்று ரோட்டில் வந்து கேட்பான். ஜெஸ்மியின் பிள்ளைக்கு மணி அடிக்கவில்லை. பெட்டி இல்லை, பாட்டு இல்லை, ஒரு கைப்பிடி மண்கூட யாரும் போடவில்லை. எப்படிப் போடுவார்கள்? பெயர்கூட வைக்காத பிள்ளை. ஷிஜின் போனில் அழுதான். ஜெஸ்மிக்கு அழுகை வரவில்லை. வாயாடிக்கு வாய் அடைத்துப்போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல எண்ணெய், சாம்பல், சோப்பு. வழக்கம்போலத் தாழ்ப்பாள் விழுந்தது. கட்டிலில் கிடந்த ஜெஸ்மிக்கு அந்தச் சத்தம் நெஞ்சில் அடித்தாற்போல இருந்தது. பிள்ளை போன வீட்டில் படத்துக்கு நிறம் பூசுகிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று பற்றிக்கொண்டு வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. உள்ளே இருக்கும் நேரம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டு போனதையோ, திங்கள்கிழமைகளில் மெழுகு வாசமே இல்லாமல் தென்னை ஓலையில் அடுப்பு எரிந்ததையோ அவள் கவனிக்கிற நிலையில் இல்லை.

வடசேரியிலிருந்து அம்மா தினமும் கூப்பிட்டாள். "இங்க வா மக்களே. அங்க அந்த மரக்கட்டையோட இருந்து என்ன செய்ய?" ஜெஸ்மியும் முடிவெடுத்துவிட்டாள். விபிஎஸ்ஸில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தாள். அது முடிந்த மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்புவது, ஷிஜின் ஊருக்கு வருகிறவரை இந்த வாசலை மிதிப்பதில்லை. வந்த பிறகும் பார்த்துக்கொள்ளலாம். பையில் துணி அடுக்கி வைத்துவிட்டு மாமியாரிடம் சொன்னாள். நேசபாய் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "செரி. போய் இரி" என்றாள். தடுக்கவில்லையே, ஒரு பேச்சுக்காவது தடுக்கவில்லையே என்று ஜெஸ்மிக்கு ஆற்றாமை கூடிற்று.

விபிஎஸ் நிறைவு விழா ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு. ஹாலுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, துணிக்கிளிப்பு போட்டுப் பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பின்பக்கக் கொட்டகையில் நேசபாய் பயற்று அண்டாவைக் கல்லடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆன்ஸ்லின் டீச்சர் மூச்சிரைக்க ஹாலுக்குள் வந்தாள். கையில் ஒரு தாள்.

"ஜெஸ்மி, ஒனக்க மாமி செஞ்ச காரியத்தக் கேட்டியா? அடுப்பு பத்த வைக்க கொண்டு வந்த தாளுக்குள்ள ஏதோ பிள்ளைக்க படமும் கெடக்கு! தீக்குச்சிய கிழிச்சாச்சு. நல்ல காலம், நான் கண்டு பிடுங்கினேன்."

"மாமி ஒண்ணும் சொல்லல்லியா?"

"என்னத்தச் சொல்ல? கண்ண முழிச்சுட்டு நின்னா. நான் ஏசிட்டு வந்துட்டேன், பிள்ள எத்தற பாடுபட்டு செஞ்சிருக்கும்னு."

டீச்சர் அதை நடுக்கயிற்றில் காலியாக இருந்த இடத்தில் தொங்கவிட்டாள். ஜெஸ்மி நிமிர்ந்து பார்த்தாள்.

மீன் வயிற்றில் யோனா. பிள்ளைகள் செய்த யோனாக்கள் அந்தக் கயிறெல்லாம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நீலக்கடல், சாம்பல் மீன், சிவப்புச் சட்டை. இது அந்தக் கோடுகள்தான், ஆனால் அந்தப் படமே இல்லை. கடலில் எல்லா நிறமும் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஏற்றி, அழுத்தி அழுத்தி, மெழுகு பளபளத்துத் தாளே கனத்து வளைந்துவிட்டிருந்தது. ஒரு ஞாயிற்றில் முடிகிற வேலையில்லை அது. மீனின் வயிறு அடர்சிவப்பு. அதற்குள் ஊதா, அதற்குள் கருஞ்சிவப்பு, நரம்பு நரம்பாக, வெதுவெதுப்பாக, தொட்டால் துடிக்கும்போல. அத்தனைக்கும் நடுவில், முழங்காலை மடக்கிக் கைகளைக் கூப்பிக் குறுகி இருக்கும் அந்தச் சின்ன உருவத்துக்கு மட்டும் நிறமே இல்லை. வெறும் வெள்ளைத் தாள். மறந்து விட்டதல்ல. கூப்பிய விரல்களின் இடுக்கில்கூடச் சிவப்பு நுனி வந்து, கோட்டைத் தொட்டு, உள்ளே போகாமல் நின்றிருந்தது. தாளின் கீழ்விளிம்பில் ஒரு கறுத்த கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. எத்தனையோ தாள்களில் ஒரு பொட்டுக்கூட விழவிடாத அண்டிக்கறை.

கை கழுவாமல் உட்கார்ந்திருக்கிறாள். கை கழுவுகிறவரை பொறுக்க முடியாமல், ஏதோ ஒரு வேலைநாளில், ஆபீசிலிருந்து வந்த கையோடு கதவைத் தாழிட்டிருக்கிறாள். மருமகள் கண்ணில் படக்கூடாது என்றுதான் வீட்டு அடுப்பில் வைக்காமல் இங்கே கொண்டுவந்திருக்கிறாள். ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே வந்தது ஜெஸ்மிக்கு. இத்தனை நாள் இந்த வீட்டில் தான் ஒருத்திதான் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று நினைத்திருந்தாளே!

"அய்யோ, யோனாவ விட்டுட்டில்லா இந்தப் பிள்ள!" ஆன்ஸ்லின் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள். "எல்லாம் செஞ்சுட்டு முக்கியமான ஆளுக்கு கலரு அடிக்கல்ல பாத்தியா. போதகர் வரதுக்குள்ள நானே அடிச்சு விடுகேன்." டப்பாவிலிருந்து ஒரு மஞ்சள் கிரேயானை எடுத்து, இடதுகையால் தாளைப் பிடித்தாள்.

ஜெஸ்மி வாசல் பக்கம் திரும்பினாள். கொட்டகைக் கதவருகே நேசபாய் நின்றிருந்தாள், கையில் பயறு கிண்டும் கரண்டியோடு. ஒரு எட்டு முன்னால் வைத்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். ஹால் நிறைய ஆட்கள். ஜெபத்துக்குச் சொல்லி வைத்தவர்கள், நேந்திரங்குலை கொண்டுவந்தவர்கள். நேசபாயின் முகத்தில் அப்படி ஒரு வெப்ராளத்தை, தவிப்பை ஜெஸ்மி ஒருநாளும் கண்டதில்லை.

"டீச்சர், தொடாதீங்க!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. ஜெஸ்மி, டீச்சரின் கையைப் பிடித்திருந்தாள்.

"அது எனக்க படம்."

"ஒனக்க படமா? நீயா செஞ்ச?"

"எனக்குள்ளது. எனக்கு வேணும்."

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "சின்ன டீச்சரம்மைக்கே கலரடிக்க ஆசை வந்துட்டு பாத்தியா!" என்று ஒரு குரல் வந்தது. சிரிக்கட்டும். ஜெஸ்மி கையை விடவில்லை.

"யோனாவுக்கு அடிக்காம விட்டுட்டியே மக்கா?" ஆன்ஸ்லின் டீச்சர் கேட்டாள்.

"அது அப்பிடித்தான்."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் படத்தைப் பார்த்தாள், அந்த வயிற்றை, அந்த வெள்ளையை. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலோரம் நின்றவள்தானே அவளும். மஞ்சள் கிரேயான் டப்பாவுக்குள் திரும்பிப் போயிற்று. பிறகு அவளே கிளிப்பைக் கழற்றித் தாளை ஜெஸ்மியின் கையில் கொடுத்துவிட்டு, "ஏ பிள்ளைகளா, வரிசையில நில்லுங்க, பயறு வாங்கண்டாமா?" என்று சத்தம் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். ஜெஸ்மி மறுபடி வாசலைப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. கொட்டகையில் அண்டாவைக் கரண்டி உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலம் மாமியாரும் மருமகளும் வழக்கம்போலக் கிழங்கு அவித்துச் சாப்பிட்டார்கள்.

திங்கள்கிழமை விடியுமுன் ஜான்ரோஸ் பால் வெட்டக் கிளம்பிப் போனான். நேசபாய் அடுப்பில் விறகை அடுக்கிவிட்டுத் தென்னை ஓலையை எடுக்கக் கை நீட்டினாள். ஜெஸ்மி வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குளித்து, ஊருக்குப் போகிற சேலை உடுத்தியிருந்தாள். பை கதவோரம் இருந்தது. சுருளாமல் அட்டைக்குள் வைத்திருந்த தாளை எடுத்து இருவருக்கும் நடுவில் விரித்தாள்.

"யோனாவ மட்டும் ஏன் மாமி விட்டீங்க?"

நேசபாய் "ஒண்ணும் இல்ல" என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

"விடல்ல மக்களே. டின்ன தரையில கொட்டினேன். ஒவ்வொரு துண்டா எடுத்து பக்கத்தில வச்சு வச்சு பாத்தேன். ஒண்ணும் சேரல்ல." கறுத்த விரலை அந்த வெள்ளைக்குச் சற்று மேலே, தொடாமல், நீட்டினாள். "நாம அத பாக்கல்லியே. என்ன நெறம்னு எனக்கு எப்பிடி தெரியும்?"

அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் வராதது, அம்மாவிடம் வராதது, புருஷனிடம் வராதது எல்லாம் உடைந்துகொண்டு வந்தது ஜெஸ்மிக்கு. வாய்விட்டு, வடசேரி வீட்டில் அழுகிறாற்போலச் சத்தமாக அழுதாள். நேசபாய் அவளைத் தேற்றவில்லை. சரியாகிவிடும் என்று சொல்லவும் இல்லை. மருமகளின் முழங்காலின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் கன்னத்தில் ஈரம் இறங்குவதைத் துடைக்காமல் விட்டிருந்தாள். ரோட்டில் முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, நின்று, போயிற்று. ஜெஸ்மி எழுந்திருக்கவில்லை.

அழுகை ஓய்ந்த பிறகு நேசபாய் தீக்குச்சியைக் கிழித்து விறகுக்கடியில் ஓலையைப் பற்றவைத்தாள். தீ மெல்ல நாக்கு நீட்டியது. தாளைக் கையில் எடுத்தாள். எப்போதும்போல அதைச் சுருட்டவில்லை. ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை மருமகள் பக்கம் நீட்டினாள்.